வெளுத்துப் போகும் நீலக் கோடு

— மறுபடியும் விழுந்துடுச்சாங்க, கம்ப்யூட்டர்ல உங்க நீலக் கோடு?

— விழுந்துடுச்சும்மா. நீ தூங்கலையா?

— கண்ணை மூடிக்கிட்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன். வெயில் திரைச்சீலை வழியா வந்து வயித்து மேல படுத்திருக்கு, பூனைக்குட்டியாட்டம்.

— உள்ள இருக்கிறவங்க என்ன பண்றாங்க? உதைக்கிறாங்களா?

— ம்... இப்பதான். அந்தக் கோடு எதுக்குங்க விழணும்?

— பங்கு விலைப் படம் இல்லையா... வாங்கலாம்னு ஒரு சிக்னல் வரும். அப்ப என்ன விலையோ அங்க கோடு நிக்கணும். அடுத்த சிக்னல் வர்ற வரைக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. ஒண்ணும் இல்லைன்னா என் ஃபார்முலா பூஜ்யம்னு போட்டுடுது. கோடு தலைகுப்புற...

— சத்தம் வரலைன்னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா என்ன?

— அதான் இல்லையே. கடைசியா வந்ததைப் பிடிச்சு வச்சுக்கோன்னு ஒரு வரி சேர்த்தா போதும். அடுத்தது வர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருக்கும்.

— சமத்து.

— தண்ணி வேணுமா?

— குடிச்சாச்சு. ஜில்லுன்னு ஒரு சொம்பு. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தும் பார்த்தாச்சு.

— எதுக்குப் பார்த்தே?

— சும்மாதான்... நீங்க கோட்டைச் சொல்லுங்க. தாலாட்டு மாதிரி நல்லா இருக்கு.

— இப்ப உதைக்குதா?

— இப்பதாங்க... எத்தனை தடவை கேப்பீங்க. பிடிச்சு வச்சுட்டா சரியாப் போச்சா?

— அங்கதான் வம்பே. அடுத்த சிக்னல் வராமலே இருந்தாலும் கோடு ஜம்முன்னு நேரா போகும். பார்க்கிறவன் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நம்பிடுவான்.

— நம்பினா என்ன... கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே.

— இருக்கட்டும். ஆனா நேரமாக ஆக கோடு வெளுத்துக்கிட்டே போற மாதிரி எழுதியிருக்கேன். சொல்றது பழசுன்னு பார்த்தாலே தெரிஞ்சுடும்.

— ரொம்ப வெளுத்துட்டா?

— பக்கத்துல போய்ப் பார்க்கணும்... ஏம்மா, உன் கோடு எவ்வளவு பழசு? சொல்லும்மா.

— காலையில... பல் தேய்க்கிறப்ப ஒரு உதை. பிரஷ்ஷே கை நழுவிடுச்சு. அதுக்கப்புறம் இல்லைங்க. நீங்க கேட்கக் கேட்க அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். இல்லைன்னு வாயைத் திறந்து சொல்ல பயமா இருந்துச்சு.

— சரி, சரி... மெதுவா எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். தோளைப் பிடிச்சுக்கோ.

— இருங்க... இருங்க. கையைக் கொடுங்க. இங்க இல்ல, கொஞ்சம் கீழ... தெரிஞ்சுதா?

— ம்.

— எனக்காகச் சொல்லாதீங்க.

— இரு, இன்னொண்ணு... விரலுக்கு அடியில. இது புதுசும்மா. சத்தியமா புதுசு.

— அழறீங்களா... அப்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்தானே? உங்க கோடு வேற பாதியில நிக்குது.

— போய்க் காட்டிட்டே வந்துடலாம், டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க. கோட்டை நேத்தே முடிச்சுக் கொடுத்துட்டேன். கொஞ்சம் முன்னாடி சமையல்கட்டுல, யாரும் பார்க்கலைன்னு நினைச்சு வயித்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தியே, அப்பவே டாக்டருக்கும் வண்டிக்கும் சொல்லிட்டேன். வண்டி வாசலுக்கு வர்ற வரைக்கும் நீ பயந்துடக் கூடாதேன்னுதான் பேச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தேன்.