நாற்பத்தெட்டு வராத போர்டு

பயிர்க் காப்பீடு கட்ட அன்றுதான் கடைசி நாள். பாபநாசம் வங்கியில், டோக்கன் எண் காட்டும் போர்டுக்கு முன்னால் வரிசை.

"தம்பி, 46 ரெண்டாந்தடவை வருது. என் 48 எப்ப வரும்?" என்றாள் எனக்கு முன்னால் நின்ற பெண்.

"வராதுக்கா," என்றார் போர்டைச் சரிபார்க்க ஏணியில் நின்ற மெக்கானிக். "கடைசி எண்ணுல வலப்பக்க மேல்கோடு எரியல. அதான் எட்டு ஆறாத் தெரியுது. எல்இடி நல்லாத்தான் இருக்கு, அதை எரிய வைக்கிற டிரைவர் ஐசி போச்சு. நாளைக்குத்தான் மாத்தணும்."

"சார், அப்ப நான் வரலாமா?" என்று அவள் கவுண்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"போர்டுல 48 வரட்டும்மா," என்றார் கவுண்டர்காரர்.

வேலை முடிந்து கிளம்பிய 46-காரரை அவள் மடக்கினாள். "அண்ணே, அந்த டோக்கனைக் குடுத்துட்டுப் போங்க."

அதைக் கவுண்டரில் நீட்டினாள். கவுண்டர்காரர் போர்டைப் பார்த்தார், டோக்கனைப் பார்த்தார், பணத்தை வாங்கிக்கொண்டார்.

என் எண் 49. போர்டில் அது 45 என்றுதான் தெரியும். 45-காரர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.