ஆறு கோடுகளில் துரைக்கண்ணு

மையில் வரைந்த காகிதத்தை வெயிலில் வைக்கக் கூடாது, ஓரம் சுருண்டுவிடும். உங்கள் கான்ஸ்டபிள் என் படங்களை ஜன்னலோரம் பரப்பியிருக்கிறார். உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

நான் மனித உருவங்களை மையால் வரைகிறவன். முகம் போடுவதில்லை. முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது காலண்டர் மாட்டுகிறவர்களின் ரசனை. மூங்கில் குச்சியை மையில் தோய்த்தால் ஆறே இழுப்பில் ஆள் நிற்க வேண்டும். சென்னையில் மூன்று வருடம் காட்டினேன். கண்ணாடி போட்ட மேதாவிகள் ஒருவருக்கும் புரியவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் கிராமத்துக்கே திரும்பிவிட்டேன்.

துரைக்கண்ணு என் சித்தப்பா பஞ்சநாதனின் பண்ணையாள். ஆட்சி மாறிய மறு வருடம் விவசாயச் சங்கத்துக்குத் தலைவனானான். கூலியை உயர்த்தினால்தான் அறுவடை என்றான். அவன் கொள்கையிலும் எனக்கு அக்கறை இல்லை, சித்தப்பாவின் நிலத்திலும் இல்லை. குனிந்தால் அவனுடைய இடது தோள் சற்றுத் தூக்கி நிற்கும். அந்தத் தோளை நாற்பது தாளில் வரைந்தேன். அதில் சிறந்ததை அவனிடமே காட்டினேன். அதுதான் நான் செய்த தவறு.

வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது நானில்லீங்க. வைக்கப்போரைக் கோழி கிளறுன மாதிரி இருக்கு” என்றான். வரப்பில் நின்ற கும்பலே சிரித்தது.

கூலி உயர்ந்தது, தை அறுவடை தொடங்கியது. சித்தப்பா வெளியூரிலிருந்து இரண்டு அடியாட்களை வரவழைத்தார். அவர்களுக்குத் துரைக்கண்ணுவைத் தெரியாது. நம் ஆட்கள் யாரும் கூடப் போய்க் காட்டக் கூடாது, போட்டோவும் இல்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். என்ன செய்யப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்? படத்தைக் கொடுத்தேன்.

நாற்பது பேர் குனிந்து அறுக்கும் வயலில் என் ஆறு கோடுகள் அவனைக் காட்டிக்கொடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத இரண்டு தடியர்களுக்கே புரிந்துவிட்டால் சென்னைக்காரர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? அதைப் பார்க்கத்தான் மோட்டார் கொட்டகை நிழலில் போய் நின்றேன். வேறு நோக்கம் இல்லை.

அவனை வெட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். அதே வயலில் அறுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி தங்கம்மாள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள் என்கிறீர்கள். கைநாட்டு வைக்கிறவள்தான், ஆனால் அவள் சொன்னது சரி. அந்த இருவரும் கால்மணி நேரம் படத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் வந்து, “இதுல எவன் சார்?” என்றார்கள். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

நான்தான் விரலை நீட்டிக் காட்டினேன்.