காலுக்கு எழுதிய மாத்திரைகளை நான் நிறுத்தியது பற்றி

என் பெயரும் முகவரியும் புகார் மனுவில் உள்ளபடியே. வயது இருபத்தெட்டு. வேதியியல் பட்டதாரி, வேலைக்குப் போகவில்லை. கணவர், நான்கு வயது மகள், மாமனார் ஆகியோருடன் வசித்து வந்தேன். மருந்துக் கடைக்காரர் தவறான மாத்திரை கொடுத்ததால் மாமனார் இறந்தார் என்று என் கொழுந்தன் கொடுத்த புகார் சம்பந்தமாக, யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

மாமனார் வீடு வீடாக மின்மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். மகளைப் பள்ளியில் விடுவது அவர்தான். ஆறு மாதமாக, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றுவிடுவார். "என்ன மாமா, அந்தப் பாத்திரக் கடையையே விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். "பேரம் படியலம்மா" என்பார்.

அதன் பிறகு தனியாக மருத்துவமனை போய் வந்தார். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்ததாகவும், கணுக்காலில் பாதிதான் இருந்ததாகவும், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருப்பதாகவும், சிகரெட்டை விட்டுத் தினமும் நடக்கச் சொன்னதாகவும் கூறினார். சிகரெட்டை அன்றே விட்டார்.

அதன் பிறகு மருத்துவர் எழுதிய சீட்டிலிருந்த மூன்று மாத்திரைகளை நான் வாங்கினேன். போனில் தேடியதில் ஒன்று கொழுப்புக்கு, ஒன்று மாரடைப்பு வந்தவர்களுக்கு என்றிருந்தது. மாமனாருக்குக் கொழுப்பு சரியாக இருந்தது, நெஞ்சுவலி வந்ததில்லை. மருந்துக் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டி, "கால்ல அடைச்சா நெஞ்சுலயும் அடைக்கலாம்மா, அதுக்குத்தான் இது. நிறுத்திடாதீங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். நம்பவில்லை. மாமனாரும் வயிறு எரிகிறது என்றார். அந்த இரண்டையும் நிறுத்தி, நடைவலிக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தேன். அவர் நான் கையில் வைப்பதை விழுங்குவார்.

நடை கூடியது. ஏழாவது வாரம், தாத்தா வழியில் நிற்கவே இல்லை என்று மகள் சொன்னாள். என் கணிப்பு சரி என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரம் பள்ளி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மருத்துவமனை சேருமுன் இறந்தார்.

அதன் பிறகு கொழுந்தன், "அந்தக் கடைக்காரன சும்மா விடமாட்டேன்" என்று கிளம்பியபோது நான் அங்கேதான் இருந்தேன். மூன்று நாளாகக் கடை பூட்டிக் கிடக்கிறது. அந்த இரண்டு மாத்திரைகளில் மீந்த அட்டைகளை இப்போது ஒப்படைக்கிறேன். மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரைக் கேட்டேன். "ஆபத்து குறைஞ்சிருக்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது" என்றார்.

கடைக்காரர் மீது தவறில்லை. என் கணவர் வெளியே பெஞ்சில் குழந்தையுடன் இருக்கிறார். சாட்சி சொல்ல வந்திருப்பதாக மட்டும் அவருக்குத் தெரியும். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள்; நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. கையெழுத்திட்ட பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு, இதை நானே வாசித்துக் காட்ட அனுமதி கேட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)