வலை ஏற்றாத படகு

– இன்னொரு தபா தள்ளிப் பாருண்ணா! கழிய நல்லா ஊணித் தள்ளு!

– எவ்ளோ தபா தள்றது பூவு? கழி பாதி சேத்துக்குள்ள போயிடுச்சு. போட்டு தரை தட்டி நிக்குது. தண்ணி ஏறுனாத்தான் நகரும்.

– எப்ப ஏறும்?

– சாயங்காலம் ஆவும். முகத்துவாரத்துல மண்ணு அடைச்சிக் கெடக்குது, கடல் தண்ணி உள்ள வரவே வழியில்ல. ஏரி இன்னா பண்ணும் பாவம்?

– சாயங்காலமா? ண்ணா, நாலு மணிக்குள்ள இந்த ஐஸ் பொட்டி மெட்ராஸ்ல என் லேப்ல இருக்கணும். இப்பவே பதினொண்ணு.

– அதுக்கு? உங்கண்ணன் தசரதன் இன்னா ராக்கெட்டா ஓட்டுறான்? குந்து. தலையில துண்டப் போட்டுக்கோ, வெயிலு மண்டையப் பொளக்குது.

– எறங்கி நடந்துடட்டுமா? ஆரம்பாக்கம் கரை தெரியுது பாரு.

– தெரியும். நெலாவும்தான் தெரியுது. கால வெச்சின்னா இடுப்பு வரைக்கும் இழுக்கும். அப்புறம் டாக்டரம்மாவத் தூக்க நாலு பேரு வேணும்.

– என் போனையாவது குடு. சாருக்குச் சொல்லணும்.

– தண்ணி படும்னு கவர்ல போட்டுக் கட்டி வெச்சிக்கீறேன். இங்க டவரே எடுக்காது, வுடு. மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத. ஆமா, டாக்டர்னு பேரு, ஊர்ல எவனுக்காவது ஒரு ஊசி போட்டிருக்கியா? இன்னாதான் பண்ற அங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன், பொழுது போவும்.

– நூறு தபா சொல்லிட்டேன். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒண்ணு. அதுக்குள்ள நாங்களா எழுதிச் செஞ்ச ஜீனை வெச்சிருக்கேன். தண்ணியில பாதரசம் இருந்தா அது சிவப்பாயிடும். அவ்ளோதான். இந்த அவ்ளோதானுக்கு நாலு வருசம்.

– அப்ப அந்தக் கிருமிய ஒரு டப்பாவுல போட்டு இங்க எடுத்தாந்து பாக்குறதுதானே? தண்ணியத் தூக்கினு நீ ஏன் ஓடற?

– வெளிய வுடக் கூடாதுண்ணா. நாம செஞ்ச உயிரு, லேப் வாசலத் தாண்டக் கூடாது. சட்டம். தாண்டினாலும் பொழைக்காது. நாங்க குடுக்குற தீனி இல்லன்னா ஒரே நாள்ல செத்துடும், அப்படித்தான் செஞ்சிருக்கேன்.

– அய்ய, உன்ன மாதிரியே கீதே! உனுக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தபா வேலை ஆர்டர் போட்டாத்தானே உயிரு?

– சிரி. அந்த ஆர்டரும் இன்னியோட முடியுது. நாளைக்கு என் கார்ட வெச்சா லேப் கதவு தொறக்காது. போன மாசம் நான் எடுத்துனு போன பாட்டில் சிவந்துச்சு. எங்க லேப் பெரியவரு ஹரிஹரன் சார் இன்னா சொன்னாரு தெரியுமா? ‘ஒத்த பாட்டில வெச்சு ஊரக் கலக்காதேம்மா. மூணு எடத்துத் தண்ணி, அதே எடத்து இறால், ஐஸ்ல கெடாமக் கொண்டா. பெரிய மிஷின்லயும் போட்டுப் பாப்போம். ரெண்டும் ஒத்துப் போனா ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போடறேன்’னாரு. இறால் கெட்டா எல்லாம் கெட்டுது.

– அதான் நேத்து வீச்சு வலையில நானே புடிச்சுக் குடுத்தேனே, தங்கச்சியாச்சேன்னு.

– குடுத்தே. இல்லங்கல.

– தா பாரு பூவு. சிவந்துச்சு சிவந்துச்சுன்னு நீ ஊருக்குள்ள வாய வுட்டதுதான் தப்பு.

– ஓடை முனையில எவனோ ஒடஞ்ச டியூப்லைட்ட மலையாக் கொட்டி வெச்சிருக்கான். மழை பேஞ்சா அதுல கீற பாதரசம் அத்தனையும் நேரா நாம வலை கட்டுற எடத்துக்குத்தான் வருது. அத அள்ளிக்கினு போகச் சொல்லுங்கன்னுதான் கேக்கப் போறேன்.

– பேப்பர்காரன் ஓடை முனைன்னா எழுதுவான்? பழவேற்காட்டு இறால்ல விஷம்னு எழுதுவான். தோணிரேவுலேந்து லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் ஒருத்தன் அடுப்பு எரியாது.

– அத்தனை பேரும் துன்னுற இறால்ண்ணா அது. அண்ணியும்தான் துன்னுது. வயித்துல அஞ்சு மாசம்.

– அவ எங்க துன்னுறா? பத்து நாளா இறாலத் தொடல. கொமட்டுதாம். மீன்காரன் வூட்ல ரசமும் அப்பளமும்! சொன்னா கேக்குறதில்ல. இன்னிக்கு விடியக்காலமே பொன்னேரி மார்க்கெட்டுல மீன் விக்கன்னு கெளம்பிட்டா. பொட்டிய நான் தூக்கியாறேன் மாலான்னா, நீ கைய வெக்காதன்றா. அந்த வயித்தோட தானே தூக்கினு பஸ் ஏறுறா.

– ம்.

– இன்னா ம்?

– ஒண்ணுமில்ல. ண்ணா, இன்னிக்கு ஏரியில வலை கட்ட யாரு பாடு? சீட்டு போட்டு, முறை வெச்சு, இருபத்திரண்டு நாளைக்கு ஒரு தபா நமக்கு வர்ற எடம். நைனா செத்த மூணாம் நாளு, நம்ம முறைன்னு வலையத் தூக்கினு போனவன் நீ. இன்னிக்கு நம்ம பாடுண்ணா. போட்டுல வலை எங்க?

– உன்னக் கொண்டாந்து வுடணும்னுதான்...

– தங்கச்சிய அக்கரையில எறக்கி வுட எவனாவது பாட்ட வுடுவானா? அமாவாசை இருட்டுல கூட நீ தரை தட்டி நான் பாத்ததில்ல. பட்டப்பகல்ல தட்டிட்டியா?

– கத்தாத பூவு.

– யாரு சொன்னது? சீட்டு போடுற தருமனா?

– ஊர்க்கூட்டமே சொல்லுச்சு. தருமன் எழுந்து நின்னு பேசுனான். ‘உன் தங்கச்சி பொட்டி மெட்ராஸ் போயி சேந்துச்சுன்னா சீட்டுலேந்து உன் பேர எடுத்துடுவோம், வருசம் பூரா பாடு கிடையாது’ன்னான். நான் இன்னா பண்ணட்டும்? பஸ் ஸ்டாண்டுல நாலு பேர நிறுத்தி வெச்சிக்கீறானுங்க. நீ போயிருந்தா பொட்டியப் புடுங்கி நடு ரோட்டுல ஒடச்சிருப்பானுங்க. நான்தான் சொன்னேன், வாணாம், அவ மேல கைய வெக்காதீங்க, ஐஸ் கரையிற வரைக்கும் நடு ஏரியில குந்த வெக்கறது என் பொறுப்புன்னு. அதான் விசயம். போதுமா?

– அப்ப எனக்கு ஜெயிலு, நீ காவலு.

– நான் மட்டும் வெளியவா கீறேன்? இதே சேத்துலதான் குந்தினுகீறேன்.

– சரி. பொட்டியத் தொற.

– எதுக்கு?

– ஐஸ் கரைஞ்சுதான்னு தருமனுக்கு நீதானே சொல்லணும்? தொறந்து பாரு.

– இரு... இன்னா பூவு இது? குடிக்கிற தண்ணி ரெண்டு பாட்டிலு... புளிசோறு... மேல நாலு ஐஸ் கட்டி. இறால் எங்க?

– அண்ணி கட்டிக் குடுத்துச்சு. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் குந்தணும்ல, அவருக்குப் பசி தாங்காதுன்னுச்சு.

– சாயங்காலம் வரைக்கும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

– நேத்து வலையக் கொண்டு போயி கரையில காயப் போட்டியே. மறுநாள் பாட்ட வெச்சுக்கினு எவன் வலையக் காயப் போடுவான்? எனக்கு முந்தி அதுக்குத்தான் புரிஞ்சுது.

– காலையிலேந்து தள்ளு தள்ளுன்னு என் உயிர வாங்குனியே! அதெல்லாம் நடிப்பா?

– நீ மட்டும் கழி ஊணி நடிக்கலியா? நான் இங்க குந்தினு இருக்கிற வரைக்கும் பொட்டியும் இங்கதான்னு அவனுங்க நெனப்பானுங்க. அண்ணி தூக்கினு போன மீன்காரி பொட்டிய எவன் தொறந்து பாப்பான்?

– அடிப்பாவி... ஊருக்குள்ள எப்படிடி நுழைவ நீ?

– நுழைய முடியாது. நாளையிலேந்து லேப்பும் இல்ல, ஊரும் இல்ல. இந்த போட்டு மட்டும்தான் எடம், அதுவும் நகர மாட்டேங்குது. நீ பயப்படாத. நீ உன் பொறுப்ப ஒழுங்கா செஞ்சே, என்னைக் கரையேற வுடல. உன் பாடு எங்கயும் போகாது... ண்ணா, உன் போன் அடிக்குது. டவரே இல்லன்னியே? எடு. சத்தமா வெச்சு எடு, நானும் கேக்கணும்.

– அலோ... மாலா? எங்கடி கீற?

– மெட்ராஸ்லதாங்க, பூவு ஆபீசுல. ஹரிஹரன் சாரு பொட்டிய வாங்கிட்டாரு, ஐஸ் அப்படியே கீதாம், இறாலு பளபளன்னு கீதுன்றாரு. அப்புறம் ஒரு தாள நீட்டி, இறாலப் புடிச்சது யாரு, பரிசோதிக்கச் சொல்லிக் குடுத்தனுப்புனது யாருன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. ரெண்டு எடத்துலயும் உங்க பேரத்தாங்க எழுதிக் குடுத்துக்கீறேன்.