ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

அவைக்குத் தலைமையேற்று, மணியின் மேல் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மருந்துக்கடை உரிமையாளர் அவர்களே! முன்வரிசையை முழுவதுமாய் நிரப்பி, முகம் இறுகி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற வயிற்றின் பதைப்பை மறைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்சுவரில் சாய்ந்து, இந்த அம்மா எப்போது முடிக்கும் என்று பார்த்திருக்கும் இளஞ்சிங்கங்களே! ஊர் எல்லையில் குதிரைப் பண்ணை நடத்தும் என் பணிவான வணக்கம், பயமில்லாத வணக்கம்.

பொது நிலத்தில் எங்கள் பண்ணை நீடிக்கலாமா, மூட்டை கட்ட வேண்டுமா? இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கிச் சொல்லப்போகிறீர்கள். போன மாதம் எங்கள் பெண்குதிரை மகாராணி கடைத்தெருவுக்குள் ஓடி வந்து பழக்கூடைகளைக் கவிழ்த்தாள். குதிரை தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதையாக, அடங்காத பையன்களும் அடங்காத குதிரைகளும் நமக்கு வேண்டாம் என்று ஒரு மனுவும் வந்துவிட்டது.

என்ன அண்ணே? குதிரை உதைக்காதா என்கிறீர்களா? உதைக்கும். பின்னால் நின்று பேசுகிறவர்களை உதைக்கும். முன்னால் வந்து பேசிப்பாருங்கள், முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்.

திருந்தட்டும் என்று எங்கள் பண்ணைக்கு அனுப்பப்படுகிற இளைஞர்கள் யார்? கதவை உடைத்தவர்கள், கண்ணாடியை உடைத்தவர்கள், பெற்றவள் மனத்தை உடைத்தவர்கள். அறிவுரை கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்கள். நாங்கள் அறிவுரை சொல்வதில்லை, ஆளுக்கொரு மண்வெட்டி கொடுக்கிறோம். குதிரைச் சாணம் அள்ளட்டும், தொட்டி கழுவட்டும், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கட்டும். கல்லெடுக்கக் குதிரை காலைத் தூக்க வேண்டுமே! தூக்கு என்று கத்தினால் இன்னும் அழுத்தி ஊன்றும். தோளால் மெல்லச் சாய்ந்து, மூச்சை நிதானமாக விட்டு, கையைக் கால் வழியே ஓடவிட்டால் தானாகத் தூக்கிக் கொடுக்கும். ஊரையே மிரட்டியவன் அங்கே முதன்முதலாக ஓர் உயிரிடம் கேட்டுப் பெறுகிறான்.

பண்ணையில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. குதிரையைக் கட்டும் முடிச்சு, கயிற்றின் நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ வேண்டும். மிரண்ட குதிரை தன் கழுத்தை முறித்துக்கொண்டாவது ஓடப் பார்க்கும். அப்போது அதை அவிழ்த்துவிட யாராலும் முடிய வேண்டும்.

அந்த விதியைத்தான் மீறினான் ஒருவன். பண்ணையில் அவனுக்கு 'வெடி' என்று பெயர். திரியே தேவையில்லை, பார்த்தாலே வெடிப்பான். அவன் அம்மா இதே ஊரில் தையல் தைக்கிறார், இதோ நடுவரிசையில் இருக்கிறார். அவர் துணி கொடுத்துவிட்டு வரத் தாமதமானால் வீட்டுச் சாமான்கள் உடையும். வெளியே போகவிடாமல் கதவைப் பூட்டியும் வைத்திருக்கிறான். தலைவர் அவர்களே, அம்மா வரத் தாமதமான ஒரு நாளில் தேடி வந்து, உங்கள் கடையின் பழைய கண்ணாடியை உடைத்தவனும் அவனேதான். நான் எதையும் மறைக்க வரவில்லை.

அன்று வெடி, மகாராணியைக் கல் முடிச்சாகக் கட்டினான். ஒன்றன்மேல் ஒன்றாக முடிந்து இறுக்கினான். காற்றில் கூரைத்தகடு சரிந்து விழுந்தது. மகாராணி மிரண்டு இழுத்தாள். முடிச்சு அவிழுமா? கட்டியிருந்த முளைக்கம்புதான் பிடுங்கிக்கொண்டது. அந்த முளை காலில் இடிக்க இடிக்க, இன்னும் மிரண்டு ஓடினாள்.

தலைவர் அவர்களே, அதற்குப்பின் நடந்ததை உங்கள் புதிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நீங்களே பார்த்தீர்கள். நான் சொல்வதில் பிழையிருந்தால் மணியடியுங்கள். உங்கள் கடை வாசலில் மகாராணி மூச்சிரைக்க நின்றாள். கண்ணாடியை உடைத்த நாளிலிருந்து அந்தத் தெருவையே மிதிக்காத வெடி, அங்கே வந்தான். ஊரே கத்தியது, அவன் கத்தவில்லை. ஊரே கல்லெடுத்தது, அவன் கையைத் தாழ்த்தினான். பக்கவாட்டில் நின்று மூச்சை விட்டான், அவள் தலையைத் தாழ்த்தும் வரை விட்டுக்கொண்டே நின்றான். பிறகு கயிற்றைக் கழற்றிவிட்டு, பிடரியில் கை வைத்து நடத்திக் கொண்டுபோனான். வெறும் கை ஐயா, கயிறுகூட இல்லை!

மணி அடிக்கவில்லை. நன்றி தலைவர் அவர்களே.

ஏன்டா அப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். அவள் காலில் பட்ட காயத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "சுலபமா அவுந்துட்டா போயிடுவால்ல? எங்கிட்ட வந்தது எதுவும் நின்னதில்லைம்மா. இறுக்கித்தான் பழக்கம்."

தாய்மார்களே, அடங்காதவன் என்றோமே, அவன் இத்தனை நாளும் கதவைப் பூட்டியதும் கண்ணாடியை உடைத்ததும் யாரும் போய்விடக்கூடாது என்ற பயத்தில் அல்லவா? அந்தப் பயத்துக்கு எந்தச் சிறையில் மருந்து இருக்கிறது? எந்தப் பிரம்பில் மருந்து இருக்கிறது? கயிறில்லாமலும் மகாராணி தன்கூட நடந்து வந்ததை அவன் கையே உணர்ந்தது. அந்த மருந்து எங்கள் பண்ணையில் இருக்கிறது!

போன வாரம் அவன் அம்மா வேலையாகக் கிளம்பியபோது வாசலில் வந்து நின்றானாம். பழைய பயத்தில் அவர் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டாராம். "மெதுவா வாம்மா, கதவு திறந்துதான் இருக்கும்" என்றானாம். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்வதற்குள் அவர் முந்தானை நனைந்துவிட்டது.

அன்பார்ந்த பெரியோர்களே! இந்த மண்டபத்து வாசல் மரத்தில் கட்டப்பட்டு மகாராணி நிற்கிறாள். கட்டியவன் வெடி. கட்டிவிட்டு உள்ளே வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பேசத் தொடங்கியதிலிருந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறைகூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கை தூக்குவதற்கு முன் வெளியே போய் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்தால் போதும், யாரும் இழுத்துவிட வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியடிக்காத தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.