தேயிலைச் சாயம் ஏறிய ஈக்கள்

தேயிலைத் தூளை ஒரே தரம் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இரண்டாம் தரம் கொதிக்கவைத்தால் ருசி இருக்காதுதான், ஆனால் சாயம் நன்றாகவே இறங்கும்.

நாடியா டாக்டர், நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். பிரிஞ்சாங்கில் உங்கள் லேப்பில் எட்டு வருடமாகப் பழ ஈயின் கூட்டுப்புழுக்களைப் பிரிக்கிறவள் நான். காயைத் துளைத்து முட்டையிட்டு அழுகவைப்பது பெண் ஈ. ஆண் ஈ ஜோடி தேடி ஊர் சுற்றுவதோடு சரி. அதனால் பெண்ணைக் கொன்றுவிட்டு, ஆணைக் கதிர்வீச்சில் மலடாக்கித் தோட்டத்தில் விடுகிறோம். காட்டுப் பெண் ஈக்கள் அவற்றோடு கூடி, வாரிசில்லாமல் அழியும்.

எது ஆண் என்று கூட்டுப்புழுவிலேயே தெரிய நம் லேப் ஈக்களில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆணை ஆணாக்கும் ஒய் குரோமோசோமிலேயே பழுப்பு நிறத்தையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மகன் பழுப்பு, மகள் வெள்ளை. வெள்ளையெல்லாம் வெந்நீருக்கு.

நீங்கள் இதை முதலில் விளக்கியபோது நான் சிரித்தேன். எங்கள் அப்பா செல்லையாவும் இதே முறையைத்தான் வைத்திருந்தார். ரிங்லெட்டில் அவர் போட்ட மிளகாய்த் தோட்டத்தில் களை பறித்தது நான், மருந்தடித்தது நான். நிலத்து லைசன்ஸ் மட்டும் தம்பி புனிதன் பேருக்குப் போனது. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு லா தோட்டம்?” என்றார். அன்றைக்கு வயிறு எரிந்தது. இப்போது துளியும் வருத்தமில்லை. விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விஷயம், பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

போன வருடம் நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின் வந்தது. “இனிமே கண்ணு வலிக்க உக்கார வேணாம் யோகேஸ்வரி அக்கா. மெஷின் ஏமாறாது லா” என்றீர்கள். அப்படியா என்று பார்க்க ஆசை வந்தது. ஒரு தட்டு வெள்ளையை ஆறிய தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, உலர்த்தி, மெஷினில் போட்டேன். அத்தனையையும் ஆண் என்று ஏற்றுக்கொண்டு பெட்டியில் தள்ளியது. அப்பன் தராத நிறத்தை நான் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியை எங்காவது விட வேண்டுமே. ஊரார் தோட்டத்தில் விட மனசாட்சி இடம் தரவில்லை. தம்பி தோட்டம் என்றால் உரிமையோடு விடலாம், விட்டேன்.

இரண்டு மாதத்தில் புனிதன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். “காயப் பிச்சா உள்ள பூரா புழு. ஒரு லோரி காய்ல ஒரு கூடகூட தேறல. ஒன் லேப்ல சொல்லி இன்னும் கொஞ்சம் ஆம்பள ஈ வாங்கிக் குடு.”

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். கூடப்பிறந்தவன் வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி இல்லையென்பது? இரண்டு பெட்டி கொடுத்தேன். அடுத்த மாதம் நான்கு. ஒவ்வொரு முறையும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப்போய் அவன் கையாலேயே திறந்துவிட்டான்.

மலட்டு ஈயிலிருந்து புழு எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். கதிர்வீச்சு முடிந்த பெட்டியில் சிவப்பாக மாறும் ஸ்டிக்கரைப் பழைய பெட்டிகளிலிருந்து உரித்து இவற்றில் ஒட்டினேன். இவை கதிர்வீச்சு அறை வாசலையே மிதிக்கவில்லை. மெஷினை மட்டும் சோதித்துவிட்டு ஸ்டிக்கரை விட்டால் சோதனை அரைகுறையாகிவிடும்.

தம்பி கடைசியில் தோட்டத்தைக் கைவிட்டான். “நீயாச்சும் வச்சுக்கக்கா” என்று லைசன்ஸை என் பேருக்கு மாற்றிக் கொடுத்தான். நான் கேட்கவில்லை. சும்மா இருக்கிறானே என்று நம் லேப் லோரி ஓட்டும் வேலையையும் நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் என் அக்கா தெய்வம் என்கிறான்.

இப்போது எதற்கு ஒப்புக்கொள்கிறாய் என்று கேட்பீர்கள். லைசன்ஸ் பேர் மாறியது ஈக்களுக்குத் தெரியவில்லை டாக்டர். போன வாரம் என் மிளகாயைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே புழு. பக்கத்துத் தோட்டங்களிலும் அதே கதை. அவர்களைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

சாயம் போட்டேன், ஸ்டிக்கரை மாற்றினேன், தெரிந்தே கொடுத்தேன். எல்லாம் நான்தான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அதற்கு முன் இருபது பெட்டி நிஜமான மலட்டு ஆண் ஈ அனுப்பிவையுங்கள். நீங்களே நேரில் கொண்டுவந்தால் நல்லது. புனிதனின் லோரியில் மட்டும் ஏற்ற வேண்டாம். காலம் கெட்டுக் கிடக்கிறது, கூடப்பிறந்தவர்களை நம்ப முடிவதில்லை.