மூன்றரை டன்னுக்கு மேல் ஒரு மரப்படகு

ரோகினா காவல் நிலையத்தில் எழுத்தர் சார்ஜென்ட் முன்பாகக் கொடுக்கப்பட்ட வாக்குமூலம். பெயர்: நெவென்கா பரிச். வயது: ஐம்பத்து நான்கு. கணவர் பெயர்: ஸ்லாவ்கோ பரிச். தொழில்: கரையோர மீன்பிடிப்பு. முகவரி: கீழ்த்துறை, தூபிகா குடா, ரோகினா வட்டம், டால்மேஷியா, குரோவேஷியா.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். நாங்கள் இருவருமே மீன்பிடிக்கப் போகிறவர்கள். எங்களுக்குச் சொந்தமாக இருப்பது கொர்னேலியா என்ற ஒரே மரப்படகு. எங்கள் மீன்பிடி உரிமம் அந்தப் படகின் பேரில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை துறைமுக அலுவலகத்துக்குப் படகைக் கொண்டுபோய் அது மிதக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உரிமம் போய்விடும், புதிதாக உரிமம் கொடுப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. இந்த வருடம் ஆகஸ்ட் முடிவதற்குள் காட்ட வேண்டும். எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இன்று காலை மேற்படி படகை டிரெய்லரோடு கொண்டுவந்து இந்தக் காவல் நிலையத்தின் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியது நான்தான். யாரும் சொல்லிக் கொடுத்து நான் செய்யவில்லை. ஏன் செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்லும்படி சார்ஜென்ட் கேட்டுக்கொண்டதால் வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் குடாவில் டிரெய்லர்கள் ஏழெட்டு கிடக்கின்றன, ஆனால் நம்பர் பிளேட் ஒன்றுதான். யாருக்குப் படகு இழுக்க வேண்டுமோ அவர் அந்தப் பிளேட்டை இரவல் வாங்கிக் கம்பியால் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் போலீஸ்காரர்கள் வீட்டில் ஆட்டிறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அது யாருடைய பிளேட் என்று சார்ஜென்ட் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். இதை எழுத வேண்டாம் என்றும் சொன்னேன், எழுதிவிட்டார்.

நான் அந்த வழிக்குப் போகவில்லை. சட்டப்படி நடப்போம் என்று போனவள் குடாவிலேயே நான் ஒருத்திதான், அதற்கு இப்போது வேண்டிய மட்டும் அனுபவிக்கிறேன். பாரம் கூடிய டிரெய்லர் என்றால் அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர், சக்கரத்துக்குத் தனி பிரேக், வருடா வருடம் எஃப்.சி., தனி இன்சூரன்ஸ், தனி ரோட்டு வரி. இழுக்கிற வேனில் கொக்கி மாட்டினால் அதையும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஓட்டுகிறவருக்குத் தனி லைசென்ஸ். என் கணவர் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, இரண்டாவது முறை பரீட்சை அதிகாரியின் நாற்காலியை நசுக்கிவிட்டார். அதன் பிறகு நான் போய் லைசென்ஸ் எடுத்தேன். வருடத்துக்கு அந்த இரும்புச் சட்டத்துக்கு நாங்கள் அழுவது வலைக்கும் ஐஸுக்கும் ஆகிற செலவைவிட அதிகம். ஒரு வருடம்கூடக் கட்டாமல் விட்டதில்லை.

எங்கள் டிரெய்லர் படகோடு சேர்த்து மூன்றரை டன் வரை என்ற வகையில் பதிவானது. பதிவுக்காகப் படகை எடை போட்டது பிப்ரவரி மாதத்தில். எங்கள் கரையில் எல்லோரும் அப்போதுதான் போடுவார்கள், ஏனென்றால் அப்போதுதான் படகு கரையில் இருக்கும், ஆட்களுக்கும் வேலை இருக்காது. குளிர்காலம் முழுவதும் கரையில் கிடந்து காய்ந்த படகின் எடைதான் காகிதத்தில் இருக்கிறது. வசந்தத்தில் அதை ஆழமில்லாத தண்ணீரில் வேண்டுமென்றே முழுக விடுவோம். பலகைகள் நீர் குடித்து உப்பி ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும், அதன் பிறகுதான் அது மிதக்கும். ஊறிய படகு காய்ந்த படகைவிடக் கனம் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கனத்தைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஜூலை முதல் வாரத்தில் படகின் விசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்ட் முறிந்துவிட்டது. பழுது பார்க்கும் பட்டறை மலைக்கு அந்தப் பக்கத்துக் குடாவில் இருக்கிறது. கடல் வழியாக இன்னொரு படகு கட்டி இழுப்பதென்றால் முனையைச் சுற்ற வேண்டும், சாலை வழியாக என்றால் காபி ஆறுவதற்குள் போய்விடலாம். ஆகவே மறுநாள் காலையில் படகைத் தண்ணீரிலிருந்து டிரெய்லரில் ஏற்றி, வேனில் கட்டி, நான் ஓட்ட என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மலை உச்சியில் போக்குவரத்துப் போலீஸார் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எடைப் பலகைகளுடன் நின்றிருந்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் அதிகாரி தமிர் லுகாச். அவர் உள்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், கடல் இல்லாத ஊர்க்காரர்.

அவர் எல்லாக் காகிதங்களையும் பார்த்தார், ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை. அதன் பிறகு எடை போட்டார்.

"அம்மா, மூணரை டன்னைத் தாண்டுது. ரொம்ப இல்ல, ஆனா தாண்டுது" என்றார்.

"தம்பி, இப்பத்தான் கடல்லேருந்து ஏத்தினோம், இன்னும் சொட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. பலகை தண்ணி குடிச்சிருக்கு. காய்ஞ்சா இறங்கிடும்" என்றேன்.

"அப்ப காய வெச்சே எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு மண்டைக்கு ஏறியது. என் கணவர் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இந்த எடையோடு இதைச் சாலையில் இழுக்கக் கூடாது என்று அதிகாரி லுகாச் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு காவல் துறையின் கிரேன் லாரி வந்து படகையும் டிரெய்லரையும் அப்படியே தூக்கி, இந்த நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் இறக்கியது. தார் போட்ட தரை. ஒரு மர நிழல் கிடையாது. படகிலிருந்து வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் இறக்கினோம். என் கணவர் மாதா படத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்தார். எடை இன்னும் கொஞ்சம் தாண்டியே இருந்தது. டிரெய்லரை அடுத்த வகைக்கு மாற்றிப் பதிவு செய்யலாம் என்று அதிகாரி லுகாச் சொன்னார். அடுத்த வகை என்றால் இழுக்க வேன் போதாது, லாரி வேண்டும், லாரி லைசென்ஸ் வேண்டும், இன்னும் அடிக்கடி எஃப்.சி. வேண்டும். மீன் விற்றுப் பிழைக்கிறவள் படகை மலை தாண்டிக் கொண்டுபோக லாரி வாங்க வேண்டுமாம். அல்லது மறு எடையில் மூன்றரைக்குக் கீழே வந்தால் விட்டுவிடலாம், ஆனால் மறு எடை போட்டுச் சான்று கொடுக்கிற ஆள் நகரத்திலிருந்து மாதம் இரண்டு முறைதான் வருவார் என்றார்.

அதற்கு நான் சரி என்றேன், ஆனால் அதுவரை காலையும் மாலையும் படகின் மேல் தண்ணீர் ஊற்ற அனுமதி வேண்டும் என்று கேட்டேன்.

"அது வழக்குச் சொத்தும்மா. எடைதான் இங்க வழக்கே. நீங்க தண்ணி ஊத்தினா சாட்சியத்தைக் கலைச்ச மாதிரி ஆயிடும்" என்றார்.

"ஊத்தலேன்னா படகு வெடிச்சிடும்."

"எடை இறங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இறங்கட்டும்."

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது? அதன் பிறகு நான் தினமும் வந்து கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். முதலில் பலகைகளுக்கு நடுவே மெல்லிய கோடு விழுந்தது. அதன் பிறகு இடுக்கில் பூசியிருந்த தார் சுருண்டு உதிர்ந்தது, உள்ளே திணித்திருந்த பஞ்சு நாக்கைப் போல வெளியே தொங்கியது. அதன் பிறகு ஒருநாள் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் படகின் வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. உள்ளே காவலர் ஒருவர் குழாய் பிடித்து ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜீப்புக்குத் தண்ணீர் இருந்தது.

வீட்டில் என் கணவருக்கும் எனக்கும் தகராறு நடந்தது உண்மை.

"விடு நெவா, கிடக்கட்டும். எடை இறங்கினதும் கூட்டிட்டு வந்துடலாம்" என்றார்.

"இறங்கினதுக்கப்புறம் அதை வெச்சு என்ன பண்ணப் போற, கோழி அடைக்கப் போறியா?"

"ஊற வெச்சா மறுபடி சேர்ந்துக்கும். வருஷா வருஷம் சேரலையா?"

"அது குளிர்காலத்து வெயில்ல காய்ஞ்சது. இது ஜூலை, தார்த் தரை. பலகையே பிளந்துச்சுன்னா எதோட எது சேரும்?"

அவர் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேருக்கும் வேண்டிய அளவுக்கு மேல் வெட்டி அடுக்கிவிட்டார்.

அதன் பிறகு நேற்று மறு எடை போட்டார்கள். மூன்றரைக்கு நன்றாகவே கீழே இருந்தது. அதிகாரி லுகாச் மெய்யாகவே சந்தோஷப்பட்டு என் கணவருக்குக் கை கொடுத்தார்.

"பாத்தீங்களாம்மா, சட்டத்தை மதிச்சா எல்லாம் தானா சரியாகுது" என்றார்.

மைதானத்தில் படகு நின்ற நாட்களுக்கு வாடகை கேட்டார்கள். என் படகை வெயிலில் போட்டு வாட்டியதற்கு நான் வாடகை கட்டினேன். கட்டிவிட்டு, இன்று காலை, பட்டறைக்குப் போகாமல் நேராக எங்கள் துறைக்கு ஓட்டினேன், ஏனென்றால் முதலில் அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும். சரிவில் டிரெய்லரோடு பின்னால் இறக்கினேன். தண்ணீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்ளே வந்தது. அதை எதிர்பார்த்தோம். ஆனால் இடது பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு பலகை நுனியிலிருந்து நுனி வரை பிளந்திருந்ததைப் பார்த்தோம். நான் விரலை விட்டேன், விரல் முழுவதும் போனது. என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அப்போது எனக்குத் துளிகூடத் திருப்தி வரவில்லை. அவரை அந்த நிலையில் பார்த்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு நான் வீட்டிலிருந்த சாக்குகள், போர்வைகள், பழைய பாய்மரத் துணி எல்லாவற்றையும் கடலில் முக்கிப் படகுக்குள் பலகை பலகையாகப் பரப்பினேன், இருக்கிற பலகைகளாவது பிளக்காமல் இருக்கட்டும் என்று. நனைந்த வலைகளையும் அதன் மேல் போட்டேன். வேனைக் கிளப்பி டிரெய்லரை மேலே இழுத்தேன்.

"எங்க போற?" என்று என் கணவர் கேட்டார்.

"லுகாச்சுக்குக் காட்டப் போறேன்."

"எடை தாண்டும் நெவா."

"தாண்டட்டும்."

அவர் ஈரத் துணியோடே ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

எடை தாண்டும் என்று தெரிந்தேதான் ஓட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய சாலையில், வேலை நாளில், எல்லோரும் பார்க்க ஓட்டினேன். நிலையத்துக்கு வந்து டிரெய்லரைப் பின்னால் எடுத்து வாசலுக்குக் குறுக்கே ஒரே தடவையில் நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, வேனைக் கொண்டுபோய் எதிரே முறைப்படி பார்க்கிங்கில் விட்டேன். உள்ளே இருந்த ஜீப்புகளால் வெளியே வர முடியவில்லை. அதிகாரி லுகாச் வெளியே வந்தார்.

"அம்மா, இதை உடனே இங்கேருந்து எடுங்க."

"எடை போட்டுப் பாருங்க தம்பி."

அவர் எடைப் பலகைகளைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பார்த்தார். மலை உச்சியில் முதல் தடவை போட்டதைவிடக் கூடுதலாக இருந்தது.

"இத ரோட்டுல இழுக்கக் கூடாதுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. ஒரு தடவ தப்புப் பண்ணிட்டேன். மறுபடியும் பண்ணச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"அப்ப அந்தச் சாக்கையெல்லாம் இறக்குங்க."

"தொடாதீங்க. எடைதான் வழக்கே. சாட்சியத்தைக் கலைக்கலாமா?"

அதன் பிறகு அவர் என்னைக் கைது செய்வதாகச் சொன்னார். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவர் என்னைத் தள்ளவோ திட்டவோ இல்லை, அதையும் பதிவு செய்யச் சொல்கிறேன்.

படகை எப்போது எடுப்பேன் என்று சார்ஜென்ட் இப்போது கேட்கிறார். சட்டப்படி அதை நான் எடுக்க வழியில்லை. எடுக்க முடிவது காவல் துறையின் கிரேன் லாரியால்தான். அந்த லாரி அதைப் பட்டறையில் கொண்டுபோய் இறக்கட்டும், பலகை மாற்றுகிற செலவையும் காயப் போட்டவர்களே ஏற்கட்டும், ஆகஸ்ட் முடிவதற்குள் அது மிதக்கட்டும். அதன் பிறகு எனக்கு என்ன அபராதம் வேண்டுமானாலும் போடுங்கள். லாரி வராவிட்டால் படகு வாசலிலேயே இருக்கும். வெயிலில் காய்ந்து எடை இறங்கினால் இழுத்துப் போட்டுவிடலாம் என்று அதிகாரி லுகாச் நினைத்துக்கொண்டிருந்தால், அது காயாது. இந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற சத்தம் என் கணவருடையது. எதிரே உள்ள தெருக்குழாயில் வாளி பிடித்துக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது குற்றமில்லை என்று சார்ஜென்டே சொன்னார். விடு, கிடக்கட்டும் என்று சொன்ன அதே மனிதர்தான், நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஒரு நிமிடம் நிற்கவில்லை.

இதில் எழுதியிருப்பது முழுவதும் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. சார்ஜென்ட் வாசித்துக் காட்டினார், கேட்டேன், ஒப்புக்கொண்டேன். என் கை இன்னும் ஈரமாக இருப்பதால் கையெழுத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது, அதை வைத்து இது என் கையெழுத்து இல்லை என்று பிறகு யாரும் சொல்ல வேண்டாம்.

(ஒப்பம்)
நெவென்கா பரிச்